பால் பைத்தானின் கண்ணில் பழைய சட்டை தங்கிவிட்டது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். டொராண்டோவில் மூன்று வயதுள்ள பெண் பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) ஒன்றை வளர்த்து வருகிறேன். கோடையில் காலுறையைக் கழற்றியதுபோல் ஒரே உருப்படியாகச் சட்டை உரித்தவள், வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியபின் இரண்டு முறையும் துண்டு துண்டாகவே உரித்தாள். மூன்று நாட்களுக்கு முன் உரித்தபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்கும், வால் நுனியில் மோதிரம்போலவும் பழைய தோல் ஒட்டிக்கொண்டது. வலக்கண் சுருக்கம் விழுந்து மங்கலாகத் தெரிகிறது. தொட்டியின் ஈரப்பதமானி 55 விழுக்காடு காட்டுகிறது. கண்ணில் இருப்பதை இடுக்கியால் எடுக்கலாமா?

பதில் 1

தயவுசெய்து இடுக்கியைத் தொடாதீர்கள். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதில்தான் சட்டையோடு சேர்ந்து உரிகிறது. பழையது என்று நினைத்துப் புதிய செதிலை இழுத்துவிட்டால் கண்ணே போய்விடக்கூடும். உரிந்த துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால், தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் மெல்லிய கண்ணாடி வில்லைபோல் தெரிந்தால் செதில் வந்துவிட்டது. வெறும் ஓட்டை இருந்தால் தங்கிவிட்டது.

அவசரமானது வால்தான். அந்த வளையம் காயக் காய இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நுனியை அழுகச் செய்துவிடும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரை ஆழமில்லாமல் ஊற்றி, 20 நிமிடங்கள் அருகிலேயே இருந்து ஊறவிடுங்கள். பிறகு ஈரத் துவாலையைத் தளர்வாகப் பிடித்து, அதனூடே ஊர்ந்து போக விடுங்கள். உராய்வில் தானாக வருவது வரட்டும். வராததைப் பிய்க்காமல் மறுநாள் மீண்டும் ஊறவிடுங்கள்.

பதில் 2

எனக்கு அந்த 55 என்ற எண்ணின் மீதுதான் ஐயம். முள் வைத்த ஈரப்பதமானிகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை அல்ல. ஒரு மூடியில் உப்பைச் சேறுபோல் நனைத்து, கருவியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். அது 75 விழுக்காட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஊறும் நீர்மத்தால்தான் உரிப்பதற்கு முன் கண்கள் நீலம் பாரித்து மங்குகின்றன. காற்று வறண்டு, பாம்பின் உடலிலும் நீர் குறைந்தால், பழைய தோல் பிரியாமல் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. வலை மூடியின் பெரும்பகுதியை மூடி, தரையில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள். கண் மங்கியவுடன், ஈரப் பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றை வெப்பமான பக்கத்தில் வையுங்கள். அந்நாட்களில் 70 விழுக்காடு இருக்கட்டும். ஆனால் தரை முழுவதும் சொதசொதவென்று நனைந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உப்புப் பையில் ஓர் இரவு இருந்தும் முள் 57-ஐத் தாண்டவில்லை. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கருவி தொட்டிக்குள் 31 காட்டியபோது, இத்தனை நாள் இவளை வறட்சியில் வைத்திருந்தேனே என்று மனம் வெதும்பியது. முதல் நாளே முதுகுத் தோல் துவாலையோடு வந்துவிட்டது. வால் வளையம் இரண்டாம் நாள் கழன்றது, நுனி நிறம் மாறவில்லை. தலைச் சட்டையில் வலப்பக்கம் ஓட்டைதான் இருக்கிறது.

பதில் 1

வால் பிழைத்தது பெரும் நிம்மதி. கண்ணை இப்போது விட்டுவிடுங்கள். ஈரப்பதம் சரியாக இருந்தால் அடுத்த உரிப்பில் இரண்டு செதில்களும் சேர்ந்தே வருவது வழக்கம். அப்போதும் வராவிட்டாலோ, அதற்குள் கண் வீங்கினாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தாடைக்கு அடியிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் மிளகுத் தூள்போல் கரும்புள்ளிகள் உள்ளனவா என்று இன்றே பாருங்கள். உண்ணிப் பூச்சிகள் இருந்தாலும் சட்டை இப்படித்தான் தங்கும்.