காலண்டர் இணைத்த பிறகும் ஒரே தேதிக்கு இரண்டு புக்கிங். எங்கே கோளாறு?

திண்ணை (கேள்வி)

இரண்டு பெட்ரூம் வீடு. குறுகிய நாள் வாடகைக்கு ஏர்பிஎன்பி மாதிரி இரண்டு இணையதளங்களில் போட்டிருக்கேன். பார்த்துக்க மேனேஜர் கிடையாது. நான், சுத்தம் பண்ற அக்கா, கதவில் ஒரு நம்பர் பூட்டு, அவ்வளவுதான். இரண்டு காலண்டரையும் ஐகேல் லிங்க் போட்டு ஒன்றுக்கொன்று இணைச்சாச்சு. இருந்தும் இவ்வளவு சிக்கல்:

மறுநாளைக்கான தேதி ஒரே சாயங்காலத்தில் இரண்டு தளத்திலும் போயிடுது.

ரத்தான ஒரு புக்கிங்கோட தேதிகள் திறக்கவே மாட்டேங்குது. நான் கையால எதையும் பிளாக் பண்ணலை.

பூட்டு நம்பர் 3 மணியிலிருந்து வேலை செய்யணும். கெஸ்ட் 3.30-க்கு அடிச்சா சிவப்பு விளக்குதான் எரியுது. 4 மணி தாண்டினதும் அதே நம்பர் திறக்குது.

செக்-அவுட் 11, செக்-இன் 3. துவைச்ச பெட்ஷீட் காயறதுக்குள்ள அடுத்தவங்க வாசலுக்கு வந்துடறாங்க.

லிங்க்கைத் தப்பா இணைச்சிருக்கேனா, இல்லை ஐகேலால இவ்வளவுதான் முடியுமா?

சாவிக்கொத்து

முதல் சிக்கல் உங்க தப்பில்லை. ஐகேல்ங்கிறது ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். எந்தத் தேதி மூடியிருக்குன்னு மட்டும்தான் அதில் இருக்கும், விலை இருக்காது. முக்கியமா, அது தானா ஓடி வந்து சொல்லாது. எதிர்த்தளம் தனக்குத் தோதான நேரத்தில் வந்து எடுத்துட்டுப் போகும், பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்த இடைவெளியில் வர்ற இரண்டாவது புக்கிங்கைத் தடுக்க அதுக்கு வழியே இல்லை. ஆறு மாசம் கழிச்சு வர்ற தேதியில் இது ரொம்ப அபூர்வம். இன்னிக்கு, நாளைக்குன்னு பலரும் ஒரே நேரத்தில் தேடற தேதியில்தான் இடிக்கும்.

அதனால கடைசி நேர புக்கிங்கை ஒரு தளத்துக்கு மட்டும் விடுங்க. இன்னொன்றில் முன்னறிவிப்பு நேரத்தை (புக்கிங்குக்கும் செக்-இன்னுக்கும் நடுவில் வேணும்கிற இடைவெளி) குறைந்தது 2 நாள்னு வைங்க. 'உடனடி புக்கிங்' வேணாம், 'கோரிக்கை அனுப்பு'ன்னு மாத்த முடிஞ்சா அங்கே மாத்திடுங்க. புக்கிங் செய்தி வந்ததும் மற்ற தளத்தின் ஆப்பில் அதே தேதியைக் கையால மூடிடுங்க, அரை நிமிஷ வேலை. காலண்டர் பக்கத்தில் 'புதுப்பி' பட்டன் இருந்தா அதையும் அழுத்துங்க. விடுமுறைக் கூட்டம் வர்ற வாரங்களை ஒரே தளத்தில் மட்டும் விற்கிறது உத்தமம்.

மூணாவது தளம் சேர்க்கிற எண்ணம் இருந்தா ஐகேலை விட்டுட்டு சேனல் மேனேஜருக்கு (எல்லாத் தளத்துக் காலண்டரையும் ஒண்ணா நிர்வகிக்கிற மென்பொருள்) போயிடுங்க. அது தளங்களோட நேரடியா பேசும், சில நொடியில் தேதி மூடிடும். மாசக் கட்டணம் உண்டு. ஒரு வீட்டுக்கும் இரண்டு தளத்துக்கும் அது கட்டாயமில்லைங்கிறது என் கருத்து.

இரண்டாவது சிக்கல் எதிரொலி. அ தளத்தில் வந்த புக்கிங் ஆ தளத்துக்கு 'மூடியது'ன்னு போகுது. ஆ தளம் தன் சொந்த புக்கிங்கோட அந்த இரவல் மூடலையும் சேர்த்து அ-வுக்கே திருப்பி அனுப்புது. அ-வில் ரத்து ஆகுது, ஆனா ஆ-விலிருந்து வந்த மூடல் அங்கே நிக்குது. அதைப் பார்த்து ஆ-வும் மூடியே வைக்குது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இரண்டும் விடாது.

சோதிச்சுப் பாருங்க. பத்து மாசம் தள்ளி ஆளில்லாத ஒரு தேதியை அ-வில் கையால மூடுங்க. ஆ-வில் அது மூடினதும் இன்னும் ஒரு நாள் பொறுத்து, அ-வில் திறங்க. அடுத்த நாளும் இரண்டிலும் மூடியே இருந்தா எதிரொலிதான். அ-வில் இருக்கிற ஆ-வோட லிங்க்கை நீக்குங்க. ஆ-வில் தேதி திறக்கிற வரை காத்திருந்து மறுபடி சேருங்க. சொந்த புக்கிங்கை மட்டும் அனுப்புற வசதி ஆ-வில் இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு ரத்துக்கும் இந்த வேலை இருக்கும்.

இன்னொண்ணு. ஐகேலில் முடிவுத் தேதி சேர்த்தி கிடையாது. 10-ந் தேதி வந்து 13-ந் தேதி கிளம்பினா ஃபைலில் 10, 13-னு இருக்கும். மூடற ராத்திரிகள் 10, 11, 12 மட்டும்தான். கையால மூடும்போது 13-யும் சேர்த்துத் தொட்டா ஒரு ராத்திரி வாடகை வீணாப்போகும்.

தாழ்ப்பாள்

3.30-க்கு மறுக்கிறது, 4-க்கு மேல் திறக்கிறது என்றால் பூட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. எண்ணில் தவறில்லை. இணையம் இல்லாமல் இயங்கும் பூட்டுகள் தன்னிடமுள்ள நேரத்தை வைத்தே எண்ணைச் சரிபார்க்கும். பேட்டரி மாற்றிய பிறகோ, (சில நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும்) கோடைக்கால நேர மாற்றத்திற்குப் பிறகோ, ஆப்பில் நேர மண்டலம் தவறாக இருந்தாலோ இப்படி ஆகும். போனுடன் பூட்டின் அருகில் நின்று, ப்ளூடூத் வழியாக 'நேரத்தைச் சரிசெய்' கொடுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் போதும். அதுவரை எண்ணின் தொடக்கத்தை 2 மணி என்று வையுங்கள்.

சில மாடல்களில் எண் தொடங்கி 24 மணி நேரத்திற்குள் ஒரு முறையாவது பயன்படுத்தாவிட்டால் அது செத்துவிடும். ஒரு நாள் தாமதமாக வரும் விருந்தினர் வெளியே நிற்பது இதனால்தான்.

பேட்டரி: ஆல்கலைன் மட்டும், நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. அளவு காட்டும் கணக்கு குழம்பி, 'பாதி இருக்கிறது' என்று காட்டிக்கொண்டே திடீரென நின்றுவிடும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் கதவைப் பாருங்கள். திறந்த கதவில் தாழ் சரசரவென்று ஓடி, மூடிய கதவில் மோட்டார் முனகினால், நிலையிலுள்ள தகட்டில் தாழ் உரசுகிறது. தாழின் நுனியில் லிப்ஸ்டிக் தடவி மூடுங்கள். கறை படிந்த பக்கத்தில் தகட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அராவினால் சரியாகிவிடும்.

மாற்றுச் சாவி ஒன்று, எண் சக்கரமுள்ள இரும்புப் பெட்டியில் வெளிச்சுவரில் இருக்கட்டும். வீட்டுக்குள் வைத்த மாற்றுச் சாவியால் பயனில்லை.

வெளுப்பு

4 மணி நேரத்தில் துவைச்சு, காயவெச்சு, அதையே விரிக்க நினைக்காதீங்க. ஒரு ஈடு துவைக்க 1 மணி, டிரையரில் 1 மணி 15 நிமிஷம்னு வைங்க. இரண்டு ஈடுன்னா 3 மணி 30 நிமிஷம் மெஷினுக்கே போயிடும். விரிக்கிறது எப்போ?

கட்டிலுக்கு 3 செட் வாங்குங்க: கட்டிலில் ஒண்ணு, துவைக்க ஒண்ணு, அலமாரியில் ஒண்ணு. டவலுக்கும் அதே கணக்கு. மெத்தை உறை 2. அக்கா உள்ளே வந்ததும் அழுக்கை உருவி மெஷினில் போட்டுட்டு, அலமாரி செட்டை விரிச்சிடணும். டிரையர் முடிய யாரும் காத்திருக்க வேணாம். பாத்ரூமில் கிளீனரை முதல்ல தெளிச்சு 10 நிமிஷம் ஊற விட்டு சமையலறைக்குப் போகட்டும். தரை கடைசியில், உள்ளறையிலிருந்து வாசலை நோக்கி.

எல்லாம் வெள்ளையா வாங்குங்க. முகப்பரு கிரீமில் இருக்கிற பென்சாயில் பெராக்சைடு கலர் டவலில் ஆரஞ்சுத் திட்டு போடும், அது போகவே போகாது. டவலுக்கு ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், தண்ணி உறிஞ்சறது குறையும். மேக்கப் துடைக்க மட்டும் கறுப்பு முகத்துண்டு இரண்டு வைங்க.

வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில் போட்டோ: ஃபிரிட்ஜ் உள்பக்கம், ஓவன் உள்பக்கம், ஒவ்வொரு மெத்தை, டிவி திரை. ஏர்பிஎன்பியில் சேதத்துக்குக் கேட்கணும்னா செக்-அவுட்டிலிருந்து 14 நாள்தான் கெடு. முந்தைய போட்டோ இல்லாம கோரிக்கை நிக்காது.

திண்ணை

எதிரொலியேதான். ஆ தளத்து லிங்க்கை எடுத்ததும் அந்த ரத்தான தேதிகள் மறுநாள் காலையில் திறந்திடுச்சு. பூட்டு நேரம் 58 நிமிஷம் பின்னாடி இருந்தது, சரி பண்ணிட்டேன். ஒரு சந்தேகம்: அக்காவுக்கு தேதிகளை எப்படிக் கொடுக்கிறது? இப்போ போனில் சொல்றேன், சில சமயம் விட்டுப்போகுது.

சாவிக்கொத்து

இரண்டு தளத்து ஐகேல் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) லிங்க்கையும் அவங்க போன் காலண்டரில் சேர்த்துக் கொடுங்க, பார்க்க மட்டும் முடியும். ஆனா அந்தக் காலண்டரும் தாமதமாத்தான் புதுப்பிக்கும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால 2 நாளுக்குள் வர்ற புக்கிங்கை மட்டும் தனியா மெசேஜ் போட்டு, 'பார்த்தேன்'னு பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.