கோப்பைக்குத் தருகிறார்கள், பந்துக்குத் தருவதில்லை: வாலிபால் கிளப்புக்கு ஸ்பான்சர் கேட்பது எப்படி?

செங்கோட்டை லிபரோ:
வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஒரு வாலிபால் கிளப் நடத்துகிறோம். ஆண்கள் அணி பழையது. போன வருடம் பெண் பிள்ளைகளுக்கும் ஆரம்பித்தோம், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள், நன்றாகவும் ஆடுகிறார்கள். பொங்கலுக்கு ராத்திரி மேட்ச் என்றால் முதல் பரிசு, சுழற்கோப்பை, லைட், மைக் செட் எல்லாவற்றுக்கும் கடைக்காரர்கள் நான், நீ என்று தருகிறார்கள். ஃப்ளெக்ஸில் படம் வருகிறது, மைக்கில் பேர் சொல்கிறோம், சரி. மறுநாளிலிருந்து வருடம் முழுக்க ஆகிற செலவுக்குத்தான் ஆள் இல்லை. எங்கள் தரை சரளை, எவ்வளவு நல்ல பந்து வாங்கினாலும் சில மாதத்தில் தோல் உரிந்துவிடுகிறது. வலை, ஷூ, தென்காசிக்கோ புனலூருக்கோ ஆடப் போனால் வேன் வாடகை. இதற்கெல்லாம் கேட்டால் "இப்போதுதானே கோயில் கொடைக்குக் கொடுத்தேன்" என்கிறார்கள். யாரிடம், எப்போது, என்ன சொல்லிக் கேட்பது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பிரானூர்க்காரன்:
தம்பி, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு ரசீது புத்தகம் கடைக்கு வரும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கந்தூரி, அப்புறம் கல்வி உதவி, மருத்துவச் செலவு. பத்துப் பேர் கூட்டமாக வந்து நின்றால் ஒரு 500 ரூபாயைக் கொடுத்து அனுப்பத்தான் தோன்றும், என்ன விஷயம் என்று கேட்கக்கூட நேரம் இருக்காது. இரண்டு பேர் வாருங்கள், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கிய பிறகு வாருங்கள். ஒரு வருடச் செலவை ஒரே தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.

காலம் முக்கியம். எங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன், பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் சூடு ஆறாது. அப்புறம் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள். இரண்டுக்கும் நடுவே செப்டம்பர், அக்டோபரில் வந்தால் கையில் காசும் இருக்கும், பேச நேரமும் இருக்கும். சாரல் நேரத்தில் உங்களுக்கும் கிரவுண்ட் ஈரம்தானே.

இன்னொன்று, எல்லோரிடமும் பணமே கேட்காதீர்கள். இங்கே இருக்கிற மர மில்காரர்களுக்கு ரோட்டில் போகிற ஆள் வாடிக்கை கிடையாது, கிரவுண்டில் போர்டு வைப்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அம்பயர் ஏறி நிற்கிற ஸ்டாண்டும் நாலு பெஞ்சும் அடித்துத் தரச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள், கழிவு மரமே போதும். வெல்டிங் பட்டறையில் கம்பம் கேளுங்கள். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, ஒரே கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் கொக்கி வைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கம்பத்தில் பட்டறை பேரை பெயின்டில் எழுதிவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும், ஃப்ளெக்ஸ் ஒரு மழைக்குத் தாங்காது.

ஆரியங்காவு செட்டர்:
அண்ணாச்சி சொன்னது சரி. எங்கள் கேரளப் பக்கம் ஓணத்துக்கு வசூல் எடுக்கும்போதே விளையாட்டுக்கு என்று தனியாக ஒரு பங்கு வைத்துவிடுவோம். கொடுத்தவர் பேரும் செலவும் கிளப் வாசலில் ஒட்டியிருக்கும், யாரும் வந்து கேட்கலாம். நீங்களும் மொத்தமாக ஒரு தொகை கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். ஒரு கடைக்கு இரண்டு பந்து, ஒரு கடைக்கு ஒரு வலை, ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு தடவை வேன் வாடகை. பந்து வாங்கினதும் அதில் கடை பேரை மார்க்கரில் எழுதி, பிள்ளைகள் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தோல் உரிந்து தூக்கிப் போடும்போதும் சொல்லுங்கள், "அண்ணாச்சி, நீங்கள் கொடுத்த பந்து இத்தனை மாதம் ஓடியது" என்று. அடுத்த பந்தை அவரே வாங்கித் தருவார், இது நான் கண்ணால் பார்த்தது.

கணக்கர்:
கிளப் பதிவு ஆகியிருக்கிறதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிந்து, சங்கத்தின் பேரில் பேங்க் கணக்குத் தொடங்குங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு ஒரு மில் முதலாளி பெரிய தொகை போடமாட்டார், போடவும் கூடாது. வருமான வரித் துறையின் நன்கொடை அனுமதி (80ஜி என்பார்கள்) இல்லாமல் வரிச் சலுகை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது பதிவோடு தானாக வருவதில்லை, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பனியனில் பேர், கிரவுண்டில் போர்டு என்று எழுத்தில் போட்டு கடை பேருக்கு பில் கொடுத்தால் பெரும்பாலும் விளம்பரச் செலவாகவே எழுதிக்கொள்வார்கள், அவருடைய ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

செங்கோட்டை லிபரோ:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கம்பம் யோசனை பெரிய உதவி, இப்போது வலையைக் கயிறு கட்டித்தான் இறக்குகிறோம். பதிவு வேலையை இந்த மாதமே தொடங்குகிறேன். இன்னொரு சிக்கல். ஒரு பிரமுகர் வருடச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். பனியனில் அவர் படமும், அவர் சொல்கிற நிறமும் வேண்டுமாம். ஆண்கள் அணியில் பாதிப் பேர் வாங்கிவிடலாம் என்கிறார்கள். மறுப்பதா?

பி.டி. டீச்சர்:
மறுத்துவிடுங்கள் தம்பி. நம் ஊரில் பனியன் நிறம் என்பது வெறும் நிறம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கையில் கட்டுகிற கயிற்று நிறத்துக்கே பள்ளிக்கூடத்தில் சண்டை வந்திருக்கிறது. உங்கள் கிளப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடுகிறார்கள் என்றால் அதுதான் நீங்கள் சம்பாதித்த சொத்து, அதை ஒரு வருடச் செலவுக்கு விற்காதீர்கள். எந்தத் தெருவுக்கும், கட்சிக்கும் சொந்தமில்லாத நிறமாகப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டுத் தாருங்கள் என்று ஸ்பான்சர் கேட்பார். வீட்டில் கேட்காமல் ஒத்துக்கொண்டால், முச்சந்தியில் படத்தைப் பார்த்த ஒரு சித்தப்பா போதும், மறுநாள் அந்தப் பெண் கிரவுண்டுக்கு வரமாட்டாள். நன்றாக ஆடின பிள்ளைகளை இப்படி இழந்திருக்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. பனியனில் கடை பேர் கைப்பக்கமோ முதுகிலோ வரட்டும், நெஞ்சில் வேண்டாம், இதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதுங்கள். வெளியூர் மேட்சுக்கு வேன் கேட்கும்போது கூட வருகிற அம்மாவுக்கோ டீச்சருக்கோ ஒரு சீட்டையும் சேர்த்தே கேளுங்கள். ஜவுளிக்கடை, ஃபேன்ஸி ஸ்டோர், தையல் கடை நடத்துகிற பெண்களிடம் முதலில் போங்கள். ரசீது புத்தகத்தோடு வருகிறவர்கள் அந்த அக்காக்களிடம் அதிகம் போவதே இல்லை. உங்கள் அணிப் பிள்ளை ஒருத்தியையும் அவள் அம்மாவையும் கூட்டிப் போய் நேரில் பேச வையுங்கள்.

பிரானூர்க்காரன்:
டீச்சர் சொன்னதே சரி. அந்தப் பிரமுகர் கோபித்துக்கொண்டால் பொங்கல் மேட்சில் பரிசு கொடுக்கக் கூப்பிடுங்கள், மரியாதை குறையாது. தம்பி, செப்டம்பரில் அந்தத் தாளோடு என் கடைக்கும் வாருங்கள், பெண் பிள்ளைகளுக்கு ஷூ என் பொறுப்பு. அளவு எழுதி எடுத்து வந்துவிடுங்கள்.