மனசுக்கு முடியல: செட்டிநாட்டுப் பக்கம் பட்டதும் பார்த்ததும்

கானாடுகாத்தான் பக்கத்துக்காரி:

அம்மா 31 வருஷமாக ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். கூட்டுவது, தூண்களுக்கு எண்ணெய் போடுவது, பதினான்கு புள்ளிகளின் அறைச் சாவிகளைக் காப்பது எல்லாம் அவர் வேலை. (வெளியூர்க்காரர்களுக்கு: கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. அவரவருக்கு ஓர் அறை, அவரவர் பூட்டு.) பொங்கலுக்கும் படைப்புக்கும் (முன்னோரைக் கும்பிடும் நாள்) கார்கள் வரும், நாலு நாளில் போய்விடும். மற்ற நாளெல்லாம் அவ்வளவு பெரிய வீட்டுக்கு அம்மா ஒருத்திதான். படுப்பது மட்டும் பின்கட்டில், அடுப்படி ஓரம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் படைப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது ஓர் எனாமல் தூக்குவாளியைக் காணவில்லை. அம்மாவைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. "சாவி உங்கிட்டதானே இருக்கு, நல்லா யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாவிக்கொத்தை மடியில் வைத்து எண்ணுவார். பிறகு ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்ப்பார். வந்து படுத்ததும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமே என்று மறுபடி எழுந்துவிடுவார்.

எங்களிடம் சொன்னதெல்லாம் "நெஞ்சு படபடன்னு வருது, சோறு இறங்கல" என்பதுதான். தனியார் கிளினிக்கில் கேஸ் என்றார்கள். ஈசிஜி, ஸ்கேன், மாத்திரை என்று ஒன்பதாயிரம் ஆனது, தோடு அடகுக்குப் போனது. தர்காவில் ஓதிக் கயிறும் கட்டினோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு ஒரு ராத்திரி தூங்கினார். எட்டு மாதம் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்காதான் மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா வாசலுக்கு வந்ததும் அதைக் கிழித்துப் போட்டார். "திருடின்னு பேர் வந்தாலும் வரட்டும், பைத்தியம்னு வேண்டாம்."

அந்த வீட்டு ஆச்சியின் மகள் பொங்கலுக்கு வந்தபோது, தான் கவுன்சிலிங் போவதை முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷி, எதையும் மறைக்க மாட்டார். ஒரு மணி நேரத்துக்கு அவர் கொடுப்பது அம்மாவின் ஒரு மாதச் சம்பளம். எனக்கு உறுத்தியது பணம்கூட இல்லை, அவர் அதைச் சாதாரணமாகச் சொன்ன விதம்தான். அவருக்கு வந்தால் ஸ்ட்ரெஸ். அதையே அம்மா சொன்னால், அப்புறம் சாவியை யார் கொடுப்பார்கள்?

தேவகோட்டை:

நான் சாவிக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். அதில் எங்கள் பங்கு பன்னிரண்டில் ஒன்று. ஐயாவுக்கு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படிச் சொல்வோம்) தொழில் பர்மாவில். 1962ல் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்தடுத்து எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஐயா ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, கடைசிவரை இன்னொருவர் கடையில் கணக்கு எழுதினார். ஆனால் அக்கா கல்யாணத்துக்குச் சீர் மட்டும் வீட்டின் அளவுக்கு வைக்க வேண்டியிருந்தது. ஆத்தாவின் வெள்ளிக் குத்துவிளக்கைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, இருட்டின பிறகு காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனோம். விளக்கைத் தராசில் படுக்கவைத்தபோது அப்பச்சி வெளியே போய் நின்றுகொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அறையை விட்டு வரவில்லை. கேட்டவர்களிடம் "பூஜையில இருக்காக" என்றோம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று வைத்தியம் மதுரையில் பார்த்தோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மதுரை போக வழி இருந்தது, ஒளிந்துகொள்ள ஓர் அறையும் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அடுப்படி ஓரம்தானே.

ஆத்தங்குடி:

எனக்கு டைல்ஸ் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் கலர் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். மூன்று குழு லோன் ஓடுகிறது, தவணை செவ்வாய், வியாழன், வெள்ளி. உரிமைத்தொகை ஆயிரம் 15ஆம் தேதி வந்தால் 16ஆம் தேதி இருக்காது. தவணைக்கு முந்தின ராத்திரி கண்ணை மூட முடியாது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, காலையில் தவணைக்காரரும் வந்தார். இது வியாதியா கடனா, யாராவது சொல்லுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்த்தவர்:

ஆத்தங்குடி அக்கா, இரண்டும்தான். மாத்திரை கடனை அடைக்காது. ஆனால் தூக்கமே இல்லாமல் தவணைக்காரரிடம் பேசுவதும் தூங்கி எழுந்து பேசுவதும் ஒன்றில்லை. பெங்களூரு மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ் 2015-16ல் எடுத்த தேசியக் கணக்கில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் எந்தச் சிகிச்சையிலும் இல்லை. எங்களிடம் வருகிறவர்களும் நேராக மனசு என்று சொல்ல மாட்டார்கள். தலைபாரம், கை கால் குடைச்சல், வயிறு எரியுது என்பார்கள். அதற்கு மருந்து வாங்கியே கையிருப்பு கரைந்திருக்கும்.

14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபரில் வந்தது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறம் கானாடுகாத்தான் தங்கச்சி, 2017 மனநலச் சட்டப்படி உங்கள் அம்மாவின் சிகிச்சை விவரம் ரகசியம். ஆஸ்பத்திரி அதை அம்மா வேலை பார்க்கும் வீட்டுக்காரர்களிடம் சொல்லக்கூடாது.

கானாடுகாத்தான் பக்கத்துக்காரி:

ஆஸ்பத்திரி சொல்லாது அண்ணே, தெரியும். ஊர் சொல்லிவிடுமே.

அந்த நம்பருக்கு ஒரு ராத்திரி நான்தான் போன் போட்டேன். பேசவே மாட்டேன் என்ற அம்மா, ஸ்பீக்கரில் போட்டதும் கால் மணி நேரம் அந்தத் தூக்கைப் பற்றி மட்டும் பேசினார். நீலக் கலர், மூடியில் ரோஜாப்பூ, கைப்பிடி ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். அந்தப் பக்கம் இருந்த பெண் நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. அடுத்த வாரம் அம்மாவே ஓ.பி.க்குக் கிளம்பினார்.

இப்போது மாதம் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் போய் வருகிறார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி. ஆச்சி வீட்டில் கேட்டால், சுகர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். அம்மாவுக்குச் சுகரே கிடையாது. போன பொங்கலுக்கு ஆச்சி அம்மாவுக்கென்று தனியாக, சீனி போடாமல் காபி கலந்து கொடுத்தாராம். குடித்துவிட்டு வந்திருக்கிறார்.