அம்மாவின் பராமரிப்பும் அண்ணனின் காணிக்கையும்: ஆலோசனை வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எண்பத்தொரு வயதான என் தாயார் மூன்று ஆண்டுகளாக மறதி நோயால் அவதிப்படுகிறார். நள்ளிரவு இரண்டு மணிக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, காணிக்கைக்கான பத்து ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று வாசற்கதவைத் தட்டுவார். அவரைத் தனியே விட முடியாததால் நான் வேலையை விட்டுவிட்டேன்.

வெளியூரிலிருக்கும் என் அண்ணன், வருமானத்தில் பத்திலொரு பங்கான தசமபாகமும் மிஷனரி ஊழியத்துக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையும் போக மருந்துச் செலவுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்கிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' என்று தேவனுக்கு ஒதுக்கிவிட்டுக் கைகழுவியவர்களை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சிலுவையில் தொங்கும்போதே தம் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்தவரும் அவரே. ஆனால் தம்பியாகிய நான் வசனத்தை எடுத்தால் அண்ணனுக்குக் குத்திக்காட்டுவதாகவே படுகிறது. (தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்னும் 1 தீமோத்தேயு 5:8ஐ வாட்ஸப்பில் அனுப்பியது என் தவறுதான்.)

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கும்படி சிலர் சொல்கிறார்கள். அம்மா பெயரால் அண்ணன்மீது வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய நிலையைக் கடந்தவர்கள், சபைப் போதகரை நடுவில் வைத்துப் பேசியது பலன் தந்ததா, செலவையும் இரவுக் காவலையும் உடன்பிறந்தோர் எப்படிப் பங்கிட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.