ஏற்காட்டில் காட்டு பெட்டா: மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் இறப்பது ஏன்?

கேள்வி (ஏற்காட்டுவாசி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்னறையில் இரண்டடித் தொட்டியில் இம்பெல்லிஸ் வகைக் காட்டு பெட்டா மீன் ஜோடி ஒன்றை எட்டு மாதமாக வளர்த்து வருகிறேன். கார்த்திகையில் ஆண் மீன், மிதந்துகொண்டிருந்த பாதாம் சருகின் அடியில் நுரைக்கூடு கட்டியது. முட்டைகள் ஒன்றரை நாளில் பொரித்தன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெரிய மீன்கள் இரண்டையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். நாற்பதுக்குக் குறையாமல் இருந்த குஞ்சுகள், 18ஆம் நாளிலிருந்து தினமும் நான்கைந்தாக இறந்து, இப்போது ஆறுதான் மிஞ்சியிருக்கின்றன. இறப்பதற்கு முன் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடி, சுழன்றபடி அடியில் விழுகின்றன.

ஹீட்டர் 27 டிகிரியில் உள்ளது. கிணற்றுத் தண்ணீர், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 210. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிக் கொடுக்கிறேன். வீட்டில் பூனை இருப்பதால் தொட்டியின் மேல் கொசுவலை கட்டியிருக்கிறேன். சேலம் பக்கத்து மண்ணில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) அதிகம், அதிலுள்ள மக்னீசியம்தான் கொல்கிறது என்று மீன் விற்றவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மைதானா?

பதில் 1 (அம்மாபேட்டை மீன்தொட்டி):

வெள்ளைக்கல்லின் மேல் பழி போடுவது நம் ஊர் மீன்கடைகளில் பழைய வழக்கம். எங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் டிடிஎஸ் 1,100. அதில் பாதிக்கு மேல் மழைநீர் கலந்துதான் நான் இதே மீனை வளர்க்கிறேன். 210 என்பது இம்பெல்லிஸுக்கு ஒரு குறையே அல்ல. தென் தாய்லாந்திலும் மலேசியாவிலும் வயல், வாய்க்கால், சதுப்பு என்று பலவகைத் தண்ணீரில் வாழும் மீன் அது.

எனக்கு உறுத்துவது அந்தக் கொசுவலைதான். செவுளுக்கு மேலே அமைந்து, காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் லேபிரிந்த் உறுப்பு, குஞ்சுகளுக்கு மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் உருவாகத் தொடங்குகிறது. தண்ணீர் 27 டிகிரியில் இருந்தாலும், மார்கழி இரவில் ஏற்காட்டு அறைக் காற்று எவ்வளவு குளிரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலை வழியே வரும் அந்தக் குளிர்ந்த, ஈரமற்ற காற்றை முதன்முதலாக விழுங்கும் குஞ்சு தாங்காது. வலையை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூடி போடுங்கள், ஒரு மூலையில் விரல் அகல இடைவெளி போதும். மூடியின் உட்புறம் எப்போதும் வியர்த்திருந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

பதில் 2 (செவ்வாய்ப்பேட்டை):

மூடி அவசியம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் முதல் குற்றவாளி மஞ்சள் கரு என்பேன். அதிலுள்ள எண்ணெய் நீர்மட்டத்தில் மெல்லிய ஏடாகப் படியும், காற்றுக்காக மேலே வரும் குஞ்சால் அதைக் கிழிக்க முடியாது. ஒரு டிஷ்யூ தாளை நீர்மட்டத்தில் பரப்பி மெதுவாக இழுத்துப் பாருங்கள். உணவுக்கு முதல் வாரம் இன்ஃபுசோரியா என்ற நீர் நுண்ணுயிர்கள், பிறகு மைக்ரோவோர்ம் என்ற நுண்புழு, அதன்பின் உப்புநீரில் அப்போது பொரித்த ஆர்ட்டீமியா என்ற சிறு இறால்வகைக் குஞ்சு போதும். மழைநீர்த் தொட்டியில் கிடைக்கும் கொசுப்புழுவைப் பெரிய மீன்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சுகளின் வாய்க்கு அது பெரிது.

பதில் 3 (மலையடிவாரம்):

பெற்றோரை எடுத்துவிட்டதும் தேவையற்ற வேலை என்பது என் அனுபவம். கடைகளில் விற்கும் நீள்துடுப்புச் சண்டை பெட்டாவுக்கான விதியை இம்பெல்லிஸுக்கும் பொருத்துகிறோம். நல்ல ஜோடி, அடர்ந்த ஜாவா பாசியும் சருகும் உள்ள தொட்டியில், தன் குஞ்சுகளை ஓரளவு விட்டுவைக்கும். ஆனால் உங்களுடையது அசல் இம்பெல்லிஸ்தானா என்றும் பாருங்கள். இப்போது காட்டு வகை என்று விற்பவற்றுள் பல, சண்டை பெட்டாவோடு கலந்தவை. ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிவிட்டு விலகாமல், விடாது கடித்துக் குதறினால் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்:

டிஷ்யூ தாளை இழுத்தேன். மஞ்சள் பிசுபிசுப்போடு வந்தது, கையைக் கழுவ சோப்பு தேவைப்பட்டது. கடைக்காரரிடம் வெட்டி வாங்கிய கண்ணாடி மூடியைப் போட்டு ஐந்து நாள் ஆகிறது. ஆறு குஞ்சுகளும் உயிரோடு இருக்கின்றன, அவற்றுள் ஒன்று நேற்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுச் சுழலாமல் கீழே போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆர்ட்டீமியா முட்டை வாங்கியிருக்கிறேன். ஒரு லிட்டருக்கு எத்தனை கரண்டி உப்புப் போடுவது என்று செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்னால் இன்றிரவே பொரிக்க வைப்பேன்.