எவர்டன் அப்பீல் தீர்ப்பு எப்போதுதான் வரும்? பத்தில் எத்தனை திரும்பும்?

நீலச்சட்டை87 | 20 பிப்ரவரி 2024

அனுமதித்ததைவிட அதிக நஷ்டம் காட்டியதற்காகப் பிரீமியர் லீக் கால்பந்தில் நம் எவர்டனிடமிருந்து நவம்பரில் ஓர் ஆணையம் பத்து புள்ளியைக் கழித்தது. அதை எதிர்த்துப் போட்ட அப்பீலின் விசாரணை பிப்ரவரி 2ஆம் தேதியே முடிந்தது, பதினெட்டு நாளாகியும் மூச்சே இல்லை. இது வழக்கம்தானா, இல்லை உள்ளே ஏதாவது இழுபறியா? நேற்று கிரிஸ்டல் பேலஸிடம் தோற்க இருந்த ஆட்டம், 84வது நிமிடத்தில் நம் ஓனானா தலையால் முட்டி 1-1 ஆக்கினார். சந்தோஷமாகப் பட்டியலைத் திறந்தால் 20 புள்ளி. லூட்டனுக்கும் 20. கோல் வித்தியாசத்தில் மட்டும் 17வது இடத்தில், கீழ் டிவிஷனுக்கு இறங்கும் கடைசி மூன்றுக்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டிருக்கிறோம். ஆடி வாங்கியது 30, அதை எங்கேயும் யாரும் காட்டுவதில்லை. அதனால் நானே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், ஆடி எடுத்தது பேனாவில், கழித்தது போக மிச்சம் பென்சிலில். வீட்டில் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பத்தும் திரும்பி வர வாய்ப்பு உண்டா? தோற்றால் அதற்கு மேல் முட்ட வேறு கதவு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஜோசியம் வேண்டாம்.

வரவுசெலவு | 20 பிப்ரவரி

பத்தும் வரும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள் நண்பரே. தப்பே நடக்கவில்லை என்று கிளப் இப்போது சொல்லவில்லை, தண்டனை அதிகம் என்றுதான் அப்பீல்.

மூன்று ஆண்டுக் கணக்கில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்ட விதியில் இடம் உண்டு, அதிலும் 1.5 கோடியைத் தாண்டும் பங்கை உரிமையாளர் தன் பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். நம் கணக்கு 12.45 கோடியில் போய் நின்றது. அதாவது 1.95 கோடி கூடுதல். மைதானம் கட்டும் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்பதால், கடன் வட்டியையும் பிராம்லி-மூர் டாக்கில் கட்டும் புது மைதானத்தின் பெயரில் எழுதப் பார்த்தார்கள். ஆணையம் ஆவணங்களைப் புரட்டிவிட்டு, மைதானத்துக்குப் போனது உரிமையாளர் மோஷிரி வட்டியில்லாமல் கொடுத்த பணம், வட்டிக்கு வாங்கியது கிளப்பின் அன்றாடச் செலவுக்கு என்று சொல்லிவிட்டது. இதில் எனக்கு ஆணையத்தின் மேல் கோபமே இல்லை. நான் தணிக்கை செய்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

உறுத்துவது வேறு. இந்த மீறலுக்கு இத்தனை புள்ளி என்று விதிப் புத்தகத்தில் எங்குமே இல்லை. லீக் விசாரணைக்கு வரும்போது ஒரு வாய்ப்பாட்டோடு வந்தது: எடுத்த எடுப்பில் 6, அப்புறம் கூடுதலாகும் ஒவ்வொரு 50 லட்சம் பவுண்டுக்கும் ஒன்று. வாய்ப்பாடெல்லாம் வேண்டாம் என்று ஆணையம் தள்ளியது, சரி. ஆனால் 1.95 கோடியை 50 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், 3.9 வரும். ஆறோடு சேர்த்தால் 9.9. வாய்ப்பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதின மாதிரி இல்லையா? திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போன போர்ட்ஸ்மத்துக்கே 2010இல் 9தான்.

என் ஊகம் ஆறு. 2020இல் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேவுக்குக் கழித்த 12 புள்ளி அப்பீலில் ஆறானது. அந்த சீசன் கடைசியில் அவர்கள் 41 புள்ளியோடு கீழே இறங்கினார்கள், பிழைத்த டார்பிக்கு 44. அந்த ஆறும் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

மேலே முட்டக் கதவு இல்லை. மான்செஸ்டர் சிட்டி ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் தடையை எதிர்த்து 2020இல் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார்களே, அந்த வழி பிரீமியர் லீக் வழக்குக்குக் கிடையாது.

தொப்பிக்காரன் | 21 பிப்ரவரி

லூட்டன் ரசிகன் எழுதுகிறேன், அடிக்க வராதீர்கள். 2008-09 சீசனை நாங்கள் மைனஸ் 30இல் தொடங்கினோம். ஏஜெண்டுகளுக்குப் பணம் கொடுத்த விதத்துக்காக இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்ஏ பத்து, கடன் கொடுத்தவர்களோடு முறையான ஒப்பந்தம் போடாமல் திவாலிலிருந்து வெளியே வந்ததற்காகக் கீழ் டிவிஷன்களை நடத்தும் ஃபுட்பால் லீக் இருபது. செய்தது பழைய முதலாளிகள், சுமந்தது நாங்கள். அந்த வருடம் வெம்ப்லியில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று ஜெயித்து ஒரு கோப்பையும் வாங்கினோம், அதே வருடம் அந்த ஃபுட்பால் லீகைவிட்டே வெளியேறினோம். திரும்பி வர ஐந்து சீசன் பிடித்தது. பத்து புள்ளிக்கு நீங்கள் அழுவதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

இன்னொன்று யாருமே பேசமாட்டேன் என்கிறீர்கள். அந்த மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தது 2021-22இல். அந்த சீசனில் எவர்டன் 39, பர்ன்லி 35. இறங்கியது பர்ன்லி. இரண்டு வருடம் கழித்து வெட்டி யாருக்கு என்ன பிரயோசனம்? இப்போது நான்கோ ஐந்தோ திருப்பிக் கொடுத்தால் அடி எங்களுக்கு, நாங்கள் எந்தக் கணக்கையும் மீறவில்லையே.

மெர்சிக்கரை | 21 பிப்ரவரி

தொப்பிக்காரன் அண்ணே, பர்ன்லி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான், மறுக்க முடியாது.

நான் நவம்பர் 26 நம் மைதானம் குடிசன் பார்க்கில் இருந்தேன், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம். பத்து புள்ளி போன பிறகு முதல் ஆட்டம். கையில் ஒரு இளஞ்சிவப்பு அட்டை, அதில் லீகின் சின்னம், அடியில் ‘ஊழல்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் அட்டை மடங்கிவிடக் கூடாது என்று கோட்டுக்குள் மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். லீகின் இசை ஒலித்ததும் மைதானம் முழுக்க அட்டை எழுந்தது, சத்தத்தில் இசையே கேட்கவில்லை. அத்தனை ஆவேசமும் மூன்றாவது நிமிடம் வரை. அவர்களுடைய கார்னாச்சோ அந்தரத்தில் திரும்பி அடித்தாரே, அந்தக் கோல். பெரியவர் அட்டையை இறக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். 3-0.

ஆனால் டிசம்பரில் ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என்று வரிசையாக நான்கு ஜெயித்தோம். ஒரு கோல்கூட வாங்கவில்லை. பத்தைப் பிடுங்காமல் இருந்திருந்தால் மேனேஜர் டைச்சின் பையன்கள் அப்படி ஆடியிருப்பார்களா, எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் இதோடு முடியப்போவதும் இல்லை. ஜனவரி 15 அன்று நம் மேலும் ஃபாரஸ்ட் மேலும் அடுத்த குற்றச்சாட்டு வந்தாயிற்றே, அடுத்த மூன்று ஆண்டுக் கணக்குக்கு. அதில் இரண்டு ஆண்டு முந்தைய கணக்கிலேயே தண்டிக்கப்பட்டவை. அதன் அப்பீல் முடிய வைத்திருக்கும் கடைசித் தேதி மே 24. சீசன் முடிவதோ மே 19. கடைசி ஆட்டம் முடிந்து ஐந்து நாள் யார் இறங்கினார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கலாம்!

நீலச்சட்டை87 | 25 பிப்ரவரி

பிரைட்டன் ஆட்டம் பார்த்தீர்களா. நம் பிரான்த்வெயிட் கோல், அவர்களில் ஒருவருக்கு ரெட் கார்டு, பத்துப் பேரோடு ஆடியவர்கள் 95வது நிமிடத்தில் சமன் செய்கிறார்கள். பேனாவில் 31, பென்சிலில் 21. போன இரண்டு புள்ளிக்கு எந்த ஆணையத்திடம் அப்பீல் செய்வது?

வரவுசெலவு | 26 பிப்ரவரி

வந்துவிட்டது. 10 ஆறானது. 25 புள்ளி, 15வது இடம், லூட்டனைவிட ஐந்து கூட.

ஒன்பது காரணம் வைத்ததில் ஏழு தள்ளுபடி, இரண்டு நின்றது. ஒன்று, மைதானக் கடன் பற்றி கிளப் நேர்மையாக நடக்கவில்லை என்று ஆணையம் முடிவு கட்டியது தவறு. இன்னொன்று, கீழ் டிவிஷன்களில் வழக்கத்தில் இருக்கும் அளவுகோல்களைப் பார்க்காமலே தண்டனை கொடுத்தது தவறு. என் ஊகம் பலித்தது, ஆனால் காரணம் நான் நினைத்தது இல்லை. வாய்ப்பாடு பற்றி நான் அத்தனை எழுதினேன், அது இதில் வேலைக்கே ஆகவில்லை.

தொப்பிக்காரன் | 26 பிப்ரவரி

வாழ்த்துகள். வேண்டா வெறுப்பாக.

நீலச்சட்டை87 | 26 பிப்ரவரி

அலுவலகத்தில் மீட்டிங் நடுவே போனில் பார்த்தேன், என்னை அறியாமல் மேசையில் தட்டிவிட்டேன். என்ன என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். நன்றி எல்லோருக்கும், தொப்பிக்காரன் அண்ணனுக்கும். வீட்டுக்கு வந்து பென்சில் 21ஐ அழித்து 25 என்று எழுதினேன். பேனாவில் எழுதலாம் என்றுதான் எடுத்தேன், அந்த இரண்டாவது வழக்கு ஞாபகம் வந்தது. பென்சிலிலேயே எழுதியிருக்கிறேன்.