மணிக்கு வீடு பார்க்கிறோம்

*சனிக்கிழமை*

நான் (காலை 7:12): எல்லோருக்கும் வணக்கம். மணிக்கு நிரந்தரமாக ஒரு வீடு தேடுகிறேன். பெண் நாய், மூன்று வயது, 18 கிலோ. வண்டி மோதி முதுகுத்தண்டில் அடிபட்டதால் பின்னங்கால் இரண்டும் இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஐந்து மாதமாக என்னிடம்தான் இருக்கிறாள். அடுத்த மாதம் எனக்கு இரவுப் பணி ஆரம்பிக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் (7:12): 📷 படம்

அத்தை (7:15): ஐயோ பாவம் 😭😭 படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா (7:16): 🌹🌹 இனிய காலை வணக்கம் 🌹🌹

அண்ணன் (7:16): மாமா, மேலே என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாட்டி (7:20): 🎤 குரல் பதிவு 0:06

நான் (7:22): இல்லை பாட்டி, வலிக்காது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சியே இல்லை. ஆபத்தே அதுதான். இழுத்து இழுத்து நகரும்போது தோல் உரிந்து புண்ணானாலும் அவளுக்குத் தெரியாது. நாம்தான் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அத்தை (7:31): என் தோழி ஒருத்திக்கு நாய் என்றால் உயிர். படத்தை அனுப்பினேன், அழுதே விட்டாள். இன்றைக்கே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாள். சரி என்று சொல்லிவிடட்டுமா?

நான் (7:38): கொஞ்சம் பொறுங்கள் அத்தை. இதை முதலில் அவருக்கு அனுப்புங்கள்: மணிக்குத் தானாகச் சிறுநீர் போகாது. ஒரு நாளைக்கு நான்கு முறை அடிவயிற்றில் கை வைத்து அழுத்தி நாம்தான் எடுக்க வேண்டும். முழுவதும் வராமல் தேங்கினால் தொற்று வரும். தொற்று வந்தால் காய்ச்சல், மருந்து, மருத்துவர். அவசரப்பட்டு முரட்டுத்தனமாக அழுத்தவும் கூடாது. நடுவில் சொட்டும், அதனால் துணி கட்ட வேண்டும். ஈரத்துணியை மாற்றாவிட்டால் தோல் வெந்துபோகும்.

அத்தை (7:40): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை (7:41): இதையெல்லாம் முதலிலேயே சொன்னால் யார் எடுப்பார்கள்? ஒரு வாரம் வீட்டில் இருந்தால் பாசம் வந்துவிடும். பழகிவிடுவார்கள்.

நான் (7:49): அப்படி நினைத்துத்தான் இரண்டாவது மாதம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆற ஆறு வாரம் ஆனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை அத்தை. கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான்தான் பாதியை மறைத்துவிட்டேன்.

அண்ணன் (8:05): என் நண்பன் வீட்டில் பெரிய தோட்டம் இருக்கிறது. இரண்டு குழந்தைகள், ஏற்கெனவே ஒரு நாயும் உண்டு. நல்லவர்கள்.

நான் (8:07): தோட்டம் இருந்தால் நல்லதுதான். காலை போனால் எப்போது வீடு திரும்புவார்கள்?

அண்ணன் (8:08): 8 மணிக்குப் போனால் 6 மணி ஆகும்.

நான் (8:09): பத்து மணி நேரம் தாங்காதே.

அண்ணன் (8:26): கேட்டுப் பார்த்தேன். "ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களால் முடியாது" என்கிறான்.

நான் (8:27): அவருக்கு நன்றி சொல். நிஜமாகவே.

சித்தப்பா (9:02): மணிக்கு எத்தனை மணிக்கு?

அண்ணன் (9:03): 😂😂😂

நான் (9:04): காலை 6, பகல் 12, மாலை 5, இரவு 10 சித்தப்பா.

சித்தப்பா (9:06): முன்னே பின்னே எவ்வளவு போகலாம்?

நான் (9:06): அரை மணி, முக்கால் மணி பரவாயில்லை.

சித்தப்பா (9:09): முழுவதும் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நான் (9:11): சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது தண்ணீர் பலூன் மாதிரி கைக்குத் தட்டுப்படும். காலியானால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கலங்கலாகவோ நாற்றத்தோடோ ரத்தம் கலந்தோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சித்தப்பா (9:14): பின்னங்காலைத் தாங்கும் அந்தச் சக்கர வண்டியில் நாள் முழுக்க விட்டுவிடலாமா?

நான் (9:16): கூடாது. அதில் அவளால் படுக்க முடியாது. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மற்ற நேரம் மெத்தைதான். சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். எடையும் ஏறக் கூடாது, முன்னங்கால் இரண்டும்தான் மொத்த உடம்பையும் இழுக்கின்றன.

அண்ணன் (9:17): யாருக்காகக் கேட்கிறீர்கள் சித்தப்பா?

சித்தப்பா (9:17): சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சித்தி (9:20): இவருக்கு நாயே பிடிக்காது!

சித்தப்பா (9:21): நாய் பிடிக்காது என்று எப்போது சொன்னேன்? குரைப்பதுதான் பிடிக்காது.

நான் (9:21): மணி குரைப்பாள்.

சித்தப்பா (9:34): எவ்வளவு நேரம்?

*அடுத்த வெள்ளிக்கிழமை*

அத்தை (மாலை 6:40): என் தோழி இன்னும் பதில் போடவில்லை. நீ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்துவிட்டது. உங்கள் சித்தப்பா உன் வீட்டுக்கு வந்து போகிறாராமே?

நான் (6:52): ஆமாம் அத்தை, நான்கு நாளாக. முதல் இரண்டு நாள் ஒரு சொட்டுகூட வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, அவர் சட்டை முழுக்க. நேற்றுச் சரியாக எடுத்துவிட்டார். ஞாயிறன்று கொண்டுபோய் விடுகிறேன், முதலில் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று பேச்சு. முடியவில்லை என்றால் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதியே வாங்கிவிட்டேன்.

அண்ணன் (6:53): சித்தப்பாவிடமே எழுதி வாங்கினாயா? 😳

சித்தப்பா (6:55): நான்தான் எழுதச் சொன்னேன்.

நான் (6:58): இன்னொன்று சித்தி. சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் மாற்றுக்கு ஒருவர் வேண்டும். நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சித்தி (7:30): நானா? வாய்ப்பே இல்லை.

*செவ்வாய்க்கிழமை*

சித்தப்பா (காலை 6:05): முழுவதும் வந்தது. தெளிவு. நாற்றம் இல்லை.

சித்தப்பா (பகல் 12:10): வந்தது. தெளிவு. இடது முழங்கால் லேசாகச் சிவந்திருக்கிறது, படம் அனுப்புகிறேன்.

அத்தை (12:11): இது குடும்பக் குழு!!

நான் (12:14): சித்தப்பா, எனக்குத் தனியாக அனுப்புங்கள் 🙏 அந்தக் காலுக்கு இன்றைக்கு வண்டி வேண்டாம், மெத்தையில் மட்டும் இருக்கட்டும்.

மாமா (12:20): 🌹🌹 இனிய மதிய வணக்கம் 🌹🌹

சித்தப்பா (மாலை 5:02): வந்தது. சிவப்பு குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி 3 மணி வரைக்கும் குரைத்தாள்.

அண்ணன் (5:03): திருப்பி அனுப்பிவிடலாமா? 😄

சித்தப்பா (5:03): இரண்டு வாரம் என்றுதானே பேச்சு.

சித்தி (இரவு 10:25): இவர் அசந்து தூங்கிவிட்டார். நான்தான் எடுத்தேன். முழுவதும் வந்தது.